மடியில் நான்கு குழந்தைகள், கையில் 44 நிமிடங்கள்

1.
போன மாசம் குடும்பத்தோட விமானத்துல போக வேண்டியிருந்தது. என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு. இரண்டு வயதுக்குள் இருப்பதால் தனி சீட் கிடையாது, அம்மா மடிதான்.

ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண் ஒருவர் வந்து சின்னதாக ஒரு பெல்ட்டைக் கொடுத்தார். அம்மாவின் பெல்ட்டில் கோர்த்து குழந்தையின் இடுப்பில் மாட்ட வேண்டியது. மாட்டியாச்சா என்று குனிந்து இழுத்தும் பார்த்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "இதெல்லாம் எதுக்கு தம்பி? பெத்தவ கையை விட கெட்டியான பெல்ட் இருக்கா என்ன?"

நானும் சிரித்து வைத்தேன். பதில் சொல்லவில்லை. ஏன்னா அந்தக் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். அது 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோளக்காட்டில் கிடக்கிறது.

இந்த த்ரெட்தான் அந்தப் பதில்.

2.
1989 ஜூலை 19. புதன்கிழமை. டென்வர் நகரத்திலிருந்து சிகாகோவுக்குக் கிளம்புகிறது யுனைடெட் ஏர்லைன்ஸ் 232.

விமானம் டிசி-10. இரண்டு இறக்கைகளில் இரண்டு இன்ஜின், வாலில் ஒரு இன்ஜின், மொத்தம் மூன்று. பயணிகள் 285 பேர், ஊழியர்கள் 11 பேர். ஆக 296 உயிர்கள்.

அன்று விமானத்தில் குழந்தைகள் ரொம்ப அதிகம். குழந்தைகளுக்கு டிக்கெட் மலிவு என்று அந்த நிறுவனம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. 52 குழந்தைகள். அதில் நான்கு பேருக்கு சீட் இல்லை. மடிக்குழந்தைகள்.

இந்த நான்கு பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

3.
பிற்பகல் 3 மணி 16 நிமிடம். 37,000 அடி உயரம். மதிய உணவு நேரம் அப்போதுதான் முடிகிற கட்டம். தட்டுகளும் தள்ளுவண்டிகளும் நடைபாதையில்.

வாலில் இருந்து பயங்கரமான வெடிச்சத்தம்.

வால் இன்ஜினின் முன்புறத்தில் சுழலும் பெரிய டைட்டானியம் வட்டு உடைந்து சிதறிவிட்டது.

இன்ஜின் போனது பெரிய பிரச்சினை இல்லை. மூன்றில் ஒன்று போனாலும் டிசி-10 பறக்கும், இறங்கும். அதற்கான பயிற்சி எல்லா பைலட்டுக்கும் உண்டு. பிரச்சினை வேற இடத்தில் இருந்தது.

4.
ஒரு டாக்டரா எனக்குப் புரிந்த மாதிரி சொல்றேன்.

அவ்வளவு பெரிய விமானத்தின் இறக்கை, வால் பாகங்களை பைலட்டின் கை பலத்தால் அசைக்க முடியாது. குழாய்களில் அழுத்தத்தோடு ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் அசைக்கிறது. விமானத்துக்கு அதுதான் ரத்தம், அதுதான் பி.பி.

ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது என்று டிசி-10ல் தனித்தனியாக மூன்று அமைப்புகள். மூன்றும் ஒரே நேரத்தில் போகவே போகாது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு.

ஆனா அந்த மூன்று அமைப்பின் குழாய்களும் வாலில், அந்த இன்ஜினுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே ஓடின. சிதறிய துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன.

மூன்று ரத்தக்குழாய் இருக்கே என்று நிம்மதியாக இருந்தவருக்கு, மூன்றும் சேர்ந்து போகும் அந்த ஒரே இடத்தில் கத்திக்குத்து விழுந்த மாதிரி. சில நிமிடங்களில் அழுத்தம் பூஜ்யம்.

5.
கேப்டன் ஆல் ஹேன்ஸ், துணை பைலட் பில் ரெக்கார்ட்ஸ், ஃப்ளைட் இன்ஜினியர் டட்லி டிவோராக். மூவரும் அனுபவசாலிகள். கையேட்டைத் திறந்தார்கள். மூன்று ஹைட்ராலிக்கும் போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் கூட இல்லை. தரையில் இருந்த நிறுவனப் பொறியாளர்களைக் கேட்டார்கள். அவர்களிடமும் பதில் இல்லை.

விமானம் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறது. மூக்கைத் தூக்கி ஏறுகிறது, கவிழ்த்து இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பிரேக் இல்லை, ஸ்டியரிங் இல்லை, ஆக்சிலரேட்டர் மட்டும் இருக்கிற பஸ்.

மிச்சம் இருந்த இரண்டு இன்ஜின்களில் இடது பக்கம் வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் கூட்டி, அப்படித்தான் திசையைத் திருப்பினார்கள். அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையம்தான் எட்டுகிற தூரம்.

6.
இதுவரைக்கும் பைலட் கதை. டாகுமென்டரிகளில், யூட்யூபில் நீங்க பார்த்திருக்கலாம். அந்த பைலட்டுகள் செய்தது உண்மையிலேயே அபாரமான காரியம்.

ஆனா நான் எழுத வந்தது கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை.

அங்கே எட்டு கேபின் க்ரூ. அவர்களின் தலைவி ஜேன் பிரவுன். கேப்டன் அவரை காக்பிட்டுக்கு அழைத்தார். ஹைட்ராலிக் மொத்தமும் போய்விட்டது, அவசரத் தரையிறக்கம், கேபினைத் தயார் செய்யுங்கள். "பிரேஸ், பிரேஸ், பிரேஸ்" என்று நான் மைக்கில் சொன்னால் தரையைத் தொடப் போகிறோம் என்று அர்த்தம்.

அவ்வளவுதான் தகவல். கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். 285 முகங்களும் அவர் முகத்தைத்தான் பார்க்கும்.

7.
கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் நல்லா தெரியும். உள்ளே நோயாளியின் நிலைமை மோசம். வெளியே உறவினர்கள் இருபது பேர். கதவைத் திறந்து வரும் டாக்டரின், சிஸ்டரின் முகத்தை வைத்தே அவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நம்ம கண்ணில் பயம் தெரிந்தால் அடுத்த நொடி அந்த வராண்டா நம்ம கையில் இல்லை.

ஜேன் பிரவுன் என்ன செய்தார் தெரியுமா? உடனே மைக்கைப் பிடித்து அறிவிக்கவில்லை. தன் சக ஊழியர்களிடம் ஒவ்வொருவராகப் போய், தாழ்ந்த குரலில் சொன்னார். தட்டுகளை எடுங்க, வண்டிகளை உள்ளே தள்ளிப் பூட்டுங்க, எல்லாவற்றையும் கட்டுங்க.

முடிந்தவரை எல்லாம் வழக்கம்போல இருப்பதாகத் தெரிய வேண்டும், பயணிகளை இப்போதே கலவரப்படுத்தக் கூடாது என்பதுதான் காரணம் என்று பிறகு விசாரணையில் சொன்னார்.

8.
உணவு வண்டியை ஏன் முதலில் பூட்டணும்? நிறைய எடை உள்ள பெட்டி அது. விமானம் மோதி நிற்கும்போது பூட்டாத வண்டி நிற்காது. முன்னால் இருப்பவர்கள் மேல் போய் விழும். சூடான காபிக் கூஜாவும் அப்படித்தான், மேலே வைத்த பையும் அப்படித்தான்.

கட்டப்படாத எதுவும் விபத்தில் ஆயுதம். கேபின் க்ரூ பயிற்சியில் இது பாலபாடம்.

இந்த வரியையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் இதே வரி வேற முகத்தோட வரும்.

9.
இன்னொரு சின்ன விஷயம் நடந்தது. முதல் வகுப்பில் பயணியாக டென்னி ஃபிட்ச் என்பவர் இருந்தார். அதே நிறுவனத்தில் டிசி-10 பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். அன்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1985ல் ஜப்பானில் ஒரு ஜம்போ விமானம் இதே போல ஹைட்ராலிக் முழுவதையும் இழந்து மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அதைப் படித்துவிட்டு, இன்ஜின் வேகத்தை மட்டும் வைத்து விமானத்தை ஓட்ட முடியுமா என்று சிமுலேட்டரில் முயன்று பார்த்தவர் அவர்.

நான் உதவி செய்யட்டுமா என்று அவர் சொன்னதைக் காக்பிட்டுக்குக் கொண்டுபோனது கேபின் க்ரூ. கேப்டன் ஹேன்ஸ் கௌரவம் பார்க்கவில்லை, உடனே வரச் சொன்னார். இரண்டு இன்ஜின்களின் லீவர்களையும் கையில் பிடித்தபடி கடைசி வரை விமானத்தைத் திருப்பியது இந்த நான்காவது மனிதர்தான்.

ஓர் ஆபத்தில் தகவல் மேலேயும் கீழேயும் தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடியது.

10.
இங்கே ஒரு நிமிஷம் வரலாற்றில் பின்னால் போவோம். விமானப் பணிப்பெண் என்ற வேலை எப்படி வந்தது தெரியுமா?

எல்லன் சர்ச் என்று ஒரு நர்ஸ். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவர். பைலட் வேலை கேட்டுப் போனார். 1930ல் ஒரு பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள்? மறுத்துவிட்டார்கள். அவர் சும்மா வரவில்லை. மக்கள் விமானத்தில் ஏறவே பயப்படுகிறார்கள், ஒரு நர்ஸ் கூட வந்தால் பயம் போகும் என்று யோசனை சொன்னார்.

போயிங் ஏர் ட்ரான்ஸ்போர்ட் நிறுவனம் எட்டு நர்ஸ்களை வேலைக்கு எடுத்தது. 1930 மே 15ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து சிகாகோவுக்கு எல்லன் சர்ச் பறந்தார். உலகின் முதல் விமானப் பணிப்பெண். ஆரம்பத்தில் நர்ஸ் படிப்பு முடித்திருந்தால்தான் அந்த வேலை. இரண்டாம் உலகப்போரில் நர்ஸ்கள் எல்லாம் ராணுவத்துக்குத் தேவைப்பட்ட பிறகுதான் அந்த விதி போனது.

அந்த போயிங் ஏர் ட்ரான்ஸ்போர்ட்தான் பின்னாளில் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஆனது. எல்லன் சர்ச்சின் சொந்த ஊர் அயோவா மாநிலம். 59 வருஷம் கழித்து அதே நிறுவனத்தின் எட்டு பேர், அதே அயோவாவின் சோளக்காடுகளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

11.
காபி கொடுப்பவர்கள், சிரித்தபடி வணக்கம் சொல்பவர்கள் என்றுதான் நாம் அவர்களை நினைக்கிறோம். நிறுவனங்களும் விளம்பரத்தில் அப்படியே காட்டிப் பழக்கிவிட்டன.

ஆனா சட்டம் விமானத்தில் இத்தனை பேர் இருந்தே ஆகணும் என்று சொல்வது காபிக்காக இல்லை. பெரிய விமானங்களில் 50 இருக்கைக்கு ஒருவர் என்பது கணக்கு. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தால்தான் அந்த வகை விமானத்துக்கே அனுமதி.

நெருப்பை அணைக்க, புகையில் வழிகாட்ட, மாரடைப்புக்கு சி.பி.ஆர். கொடுக்க, பிரசவம் பார்க்க எல்லாம் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி முழுவதும் பயன்படாமலே ரிட்டயர் ஆனால் அதுதான் நல்ல சர்வீஸ்.

12.
மறுபடி 232க்கு வருவோம்.

கேப்டன் மைக்கில் பயணிகளிடம் உண்மையை மறைக்காமல் பேசினார். இறக்கம் மிகக் கடுமையாக இருக்கும் என்று சொன்னார்.

அதன் பிறகு கேபின் க்ரூ வேலையில் இறங்கினார்கள். பாதுகாப்பு அட்டையை எடுக்கச் சொல்லி, குனிந்து தலையைக் காத்துக்கொள்ளும் நிலையைக் காட்டிக் கொடுத்தார்கள். அருகில் உள்ள கதவு எது என்று பார்க்க வைத்தார்கள்.

அப்புறம் அந்த நான்கு மடிக்குழந்தைகள்.

13.
அன்றைய கையேடு சொன்னது இதுதான். மடிக்குழந்தையைத் தரையில், தாயின் காலடியில் வைக்க வேண்டும். கீழே போர்வை, தலையணை. தாய் குனிந்து கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜேன் பிரவுன் அதை மைக்கில் சொன்னார். கையேட்டில் உள்ளபடி, சரியாக.

சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது என்று பின்னாளில் பேசினார். பெரியவர்கள் எல்லோரையும் பெல்ட்டில் இறுக்கிக் கட்டியாச்சு. தட்டு, கூஜா, வண்டி எல்லாவற்றையும் பூட்டியாச்சு. விமானத்திலேயே மென்மையான நான்கு உடல்களை மட்டும் தரையில் கிடத்துங்கள் என்று சொல்கிறோம்.

ஆனா அந்த நேரத்தில் வேற என்ன சொல்ல முடியும்? காலி சீட்டும் இல்லை, குழந்தை இருக்கையும் இல்லை. ஒரு தாய் தன் குழந்தையை எப்படி வைப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

14.
மாலை 4 மணி. "பிரேஸ், பிரேஸ், பிரேஸ்."

வேகம் மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சாதாரணமாக இறங்கும் வேகத்தைவிட மிக அதிகம். குறைக்க வழியில்லை. அவர்கள் குறி வைத்து வந்தது ஏற்கெனவே மூடப்பட்டிருந்த பழைய ஓடுபாதை. அதன் மேல் தயாராக நின்ற தீயணைப்பு வண்டிகளைக் கடைசி நிமிடங்களில் அவசரமாக நகர்த்தினார்கள்.

ஓடுபாதை வரை கொண்டுவந்துவிட்டார்கள் என்பதே நம்ப முடியாத சாதனை. கடைசி நொடிகளில் வலது இறக்கை தாழ்ந்தது. முதலில் இறக்கை தரையில் உரசியது. தீப்பிடித்தது. வால் பிய்ந்தது, காக்பிட் பிய்ந்தது, நடுப்பகுதி தலைகீழாகக் கவிழ்ந்து பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய் நின்றது.

அந்தக் காட்சி வீடியோவில் பதிவாகியிருக்கிறது. பார்ப்பவர்கள் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

15.
184 பேர் பிழைத்தார்கள். காக்பிட்டில் இருந்த நால்வரும் பிழைத்தார்கள். அதில் 13 பேருக்குக் காயமே இல்லை. ஆளுயரச் சோளப்பயிருக்குள்ளிருந்து நடந்தே வெளியே வந்தவர்கள் உண்டு.

112 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். கேபின் க்ரூவில் ஒருவர் இறந்தார். 52 குழந்தைகளில் 11 பேர்.

இறந்தவர்களில் 35 பேர் புகையால் மூச்சடைத்து இறந்தவர்கள். மோதலில் தப்பி, வெளியே வர முடியாமல் போனவர்கள் அவர்களில் பலர். 90 விநாடிக் கணக்கு எதற்கு என்று இப்போ புரிகிறதா?

16.
நடுப்பகுதியில் ஜேன் பிரவுனும் இருந்தார். எல்லோரும் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறார்கள். புகை. பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, வெளிச்சம் தெரியும் பக்கம் மற்றவர்களை அனுப்பினார். புகை தாங்க முடியாமல் ஆன பிறகுதான் வெளியே வந்தார்.

நான்கு மடிக்குழந்தைகளில் இருவரைத் தாயின் கைகளால் பிடித்து வைக்க முடியவில்லை. கையை விட்டுப் பறந்துவிட்டார்கள். அதில் ஒரு பெண் குழந்தைக்கு 11 மாதம். வெளியே தப்பித்து வந்த ஒரு பயணி, அழுகைச் சத்தம் கேட்டு எரியும் விமானத்துக்குள் மறுபடி போய் அவளைத் தூக்கி வந்தார். அவள் பிழைத்தாள்.

இன்னொன்று இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தை. அவன் வரவில்லை.

17.
அவனுடைய தாய் விமானத்துக்குள் திரும்பப் போக முயன்றார். ஜேன் பிரவுன் குறுக்கே நின்று தடுத்தார். தடுக்காவிட்டால் அந்தத் தாயும் இறந்திருப்பார்.

அந்தத் தாய் அவரைப் பார்த்து, குழந்தையைத் தரையில் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன், இப்போது அவன் இல்லை என்றார்.

ஜேன் பிரவுன் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை. விதிப்படி சொன்னார். ஆனா அந்த வார்த்தைகள் வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்தன.

18.
நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி பஸ் விபத்து. ஒரே நேரத்தில் முப்பதுக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் போதவில்லை, தரையில் படுக்க வைத்தோம். நான் சத்தமாக அழுதவர்களிடம் முதலில் ஓடினேன். ஒரு மூத்த சிஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். "டாக்டர், கத்துறவங்க மூச்சு விடுறாங்க. அந்த ஓரத்துல சத்தமே இல்லாம ஒருத்தர் இருக்கார், அவரைப் பாருங்க."

அந்த ஒருவர் பிழைத்தார். இன்னொருவர் பிழைக்கவில்லை. புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன் என்று எனக்கே நான் பல நாள் சொல்லிக்கொண்டேன். அவருடைய மகன், "நீங்கதானே ஒண்ணும் இல்ல, சரியாயிடும்னு சொன்னீங்க" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த வேலையில் இருக்கும் எல்லோரிடமும் அப்படி ஒரு வாக்கியம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

19.
சூ சிட்டி மருத்துவமனைகளைப் பற்றியும் சொல்லியே ஆகணும்.

விபத்து நடந்தது மாலை 4 மணி. பகல் ஷிஃப்ட் கிளம்பும் நேரம், அடுத்த ஷிஃப்ட் வரும் நேரம். இரண்டு ஷிஃப்ட் டாக்டர்கள், நர்ஸ்களும் கையில் இருந்தார்கள். விமான நிலையத்திலேயே தேசியக் காவல்படையினர் 285 பேர் அன்று பணியில் இருந்தார்கள். இது அதிர்ஷ்டம்.

ஆனா இன்னொன்று அதிர்ஷ்டம் இல்லை. 1987லேயே அந்த ஊர், பெரிய விமானம் ஒன்று இங்கே விழுந்தால் என்ன செய்வது என்று முழு அளவில் ஒத்திகை பார்த்திருந்தது. அவ்வளவு பெரிய விமானம் எதுவும் வழக்கமாக வந்து போகாத ஊர் அது. இருந்தாலும் செய்தார்கள்.

நம்ம ஆஸ்பத்திரிகளில் மாக் ட்ரில் என்றால் ஃபோட்டோ எடுத்து ஃபைலில் வைப்பதோடு முடிகிறது என்று சலித்துக்கொள்பவன் நான். சூ சிட்டியைப் படித்த பிறகு சலிப்பதை விட்டுவிட்டேன்.

20.
கேப்டன் ஹேன்ஸ் 2019ல் காலமாகும் வரை பல ஊர்களில் இதைப் பற்றிப் பேசினார். தன்னை ஹீரோ என்று சொல்ல விடவே மாட்டார். ஐந்து விஷயம் சொல்வார். அதிர்ஷ்டம், தகவல் தொடர்பு, தயாரிப்பு, செயல்படுத்திய விதம், ஒத்துழைப்பு.

1978ல் இதே நிறுவனத்தின் விமானம் ஒன்று, சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே எரிபொருள் தீர்ந்து போர்ட்லாந்து அருகே விழுந்தது. எரிபொருள் குறைவதை மற்றவர்கள் அறிந்திருந்தும் கேப்டனிடம் அழுத்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் காக்பிட்டில் யார் வேண்டுமானாலும் பேசலாம், கேப்டன் கேட்க வேண்டும் என்ற பயிற்சி வந்தது. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது என்றார் ஹேன்ஸ்.

இன்று ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று, நோயாளி பெயர், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று வாய்விட்டுச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் செக்லிஸ்ட் இருக்கே, அதுவும் விமானத் துறையிடம் நாங்கள் படித்த பாடம்தான்.

21.
இன்ஜின் ஏன் உடைந்தது?

சில மாதங்கள் கழித்து அறுவடையின்போது சோளக்காட்டில் அந்த வட்டின் துண்டுகள் கிடைத்தன. டைட்டானியத்தை உருக்கியபோதே உள்ளே ஒரு சின்ன குறை. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல். சுமார் 17 வருஷம் மெதுவாக, கேன்சர் மாதிரி வளர்ந்திருக்கிறது. கடைசியாகச் சோதித்தபோதே கண்டுபிடித்திருக்கக் கூடிய அளவில் விரிசல் இருந்தது, தவறவிட்டார்கள் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

அதன் பிறகு சோதனை முறைகள் மாறின. மூன்று குழாயும் ஒன்றாக அறுந்தாலும் கொஞ்சம் எண்ணெயாவது மிஞ்சும்படி டிசி-10ல் மாற்றம் வந்தது.

இரும்புக்கான பாடத்தை உலகம் சீக்கிரம் கற்றுக்கொண்டது. குழந்தைக்கான பாடம்?

22.
ஜேன் பிரவுன் தனக்குள்ளேயே புழுங்கிக்கொண்டு இருந்துவிடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். வருஷக்கணக்கில் பேசினார், எழுதினார். கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு வயதுக்குள் இருந்தாலும் குழந்தைக்குத் தனி இருக்கை, அதில் குழந்தைக்கான பாதுகாப்புக் கட்டு வேண்டும்.

1990ல் பாதுகாப்பு வாரியமும் அதையே பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2001ல் அதையே சொன்னது.

அவருடைய வாதம் எளிமையானது. காபிக் கூஜாவைக் கட்டச் சொல்லும் சட்டம், குழந்தையைக் கட்டச் சொல்லவில்லை.

கட்டப்படாத எதுவும் விபத்தில் ஆயுதம் என்று எட்டாவது பதிவில் சொன்னேன் இல்லையா? கட்டப்படாத குழந்தை, பலி.

23.
விமான நிர்வாக அமைப்பு மறுத்தது. மறுத்ததற்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்லணும்.

குழந்தைக்கும் டிக்கெட் வாங்கணும் என்றால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டு காரில் போவார்கள். சாலை விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. விமானத்தில் காப்பாற்றும் குழந்தைகளைவிட சாலையில் இறக்கும் குழந்தைகள் அதிகமாகிவிடும். 1995ல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இதைச் சொன்னார்கள். 2005ல் சட்டமாக்கும் யோசனையையே கைவிட்டார்கள்.

பொது சுகாதாரம் படித்தவனாக இந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று என்னால் தள்ள முடியாது. ஆனா அதே அமைப்பு தன் அறிவுரையில், குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் மடி அல்ல, குழந்தை இருக்கைதான் என்றும் சொல்கிறது. பாதுகாப்பு எது என்று தெரியும், கட்டாயமாக்க மட்டும் முடியாது. இன்றுவரை அமெரிக்காவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில்தான் போகலாம்.

ஜேன் பிரவுன் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனா அவர் பேசப் பேச, கேட்ட எத்தனையோ பெற்றோர் தாங்களாகவே தனி இருக்கை வாங்கியிருப்பார்கள். காப்பாற்றப்பட்ட குழந்தைக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது. தடுப்பூசி மாதிரி.

24.
இப்போ அந்தப் பெரியவர் கேள்விக்கு வருவோம். பெத்தவ கையை விட கெட்டி எது?

சின்ன கணக்கு. பத்து கிலோ குழந்தை. வண்டி திடீரென மோதி நிற்கும்போது புவியீர்ப்பைப் போல பத்து மடங்கு விசை வந்தால், அந்தக் கணத்தில் குழந்தை 100 கிலோ மூட்டை மாதிரி கையை விட்டு இழுக்கும். எச்சரிக்கை இல்லாமல், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில்.

எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. எந்த அப்பாவாலும் முடியாது. பாசம் குறைவு என்பதால் இல்லை. தசைக்கும் எலும்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதால்.

232ல் பிள்ளையைப் பிடிக்க முடியாமல் போன தாய்மார்கள் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் துளியும் தவறில்லை. முடியாத காரியத்தை அவர்கள் கையில் கொடுத்தோம், அதுதான் தவறு.

25.
விமானம் நம்மில் பலருக்கு எப்போதாவது. ஆனா பைக்கும் காரும் தினமும்.

கேஷுவாலிட்டியில் நான் பார்க்கும் குழந்தைகளில் பலர் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்தவர்கள். இல்லாவிட்டால் கார் முன் சீட்டில் யாரோ ஒருவர் மடியில் இருந்தவர்கள். எல்லா அப்பாவும் ஒரே வரியைத்தான் சொல்வார்கள். "கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன் சார்."

காரில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019லேயே சட்டம் வந்துவிட்டது. பைக்கில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், ஹெல்மெட்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் கட்டாயம் என்ற விதி 2023லிருந்து இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே என் பொண்ணு பிறந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு பொம்மைக்கார் வாங்கும் காசில் பாதி இருந்தால் பைக் பட்டை வாங்கிவிடலாம். வாங்கிடுங்க.

26.
சூ சிட்டியில் ஆற்றங்கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தேசியக் காவல்படை அதிகாரி ஒருவர் மூன்று வயதுச் சிறுவனைக் கைகளில் ஏந்தி நடக்கும் சிலை. விபத்தன்று எடுத்த புகைப்படத்தை வைத்துச் செய்தது. அந்தச் சிறுவன் பிழைத்தான்.

விபத்துக்குப் பிறகு தூக்கும் கைகள் எப்போதும் இருக்கும். அந்தக் கைகளுக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்வது நம்ம கையில்.

27.
அடுத்த முறை விமானத்தில் ஏறினால் ரெண்டு விஷயம் செய்யுங்க.

பணிப்பெண் முன்னால் நின்று பெல்ட்டைக் காட்டும்போது மொபைலை ஒரு நிமிஷம் கீழே வையுங்க. உங்க சீட்டிலிருந்து கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வையுங்க. புகையில் கண் தெரியாது, எண்ணிக்கைதான் உதவும்.

குழந்தை பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்க்கும் அந்தப் பெண்ணிடம் ஒரு நன்றி சொல்லுங்க. நான் அன்று சொன்னேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

பக்கத்து சீட் ஐயா, உங்களுக்கான பதில் இதுதான். பெத்தவ கையை விட கெட்டியானது எதுவும் இல்லைதான். ஆனா அந்தக் கைக்கும் ஒரு பெல்ட் துணை வேணும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்பி வையுங்க.